டாக்டர்களை விமர்சித்த காந்தி ஆபரேஷனுக்கு ஏன் சம்மதித்தார்? ஒரு வயிற்று வலியின் கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு மாலையில் போனால், காந்தி சிலை முன்னால் செல்ஃபி எடுக்காதவர்களைப் பார்ப்பது கஷ்டம். கையில் தடி, வேகமாக நடக்கும் தோற்றம், சுற்றிலும் உயரமான கல்தூண்கள். நமக்கெல்லாம் தெரிந்த காந்தி அவர்தான்.

அந்தச் சிலையில் தெரியாத ஒன்று உண்டு. 1934 பிப்ரவரியில், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு காந்தி நேரில் வந்தபோது, அவர் வயிற்றின் வலப்பக்கம் கீழே ஓர் அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்தது. அப்போது அதற்குப் பத்து வயது.

ஆபரேஷன் தழும்பு பலருக்கும் இருக்கிறது, இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். ஆனால் இவர் ஆஸ்பத்திரிகளைப் பாவத்தை வளர்க்கும் இடங்கள் என்று எழுதியவர். பல வருடம் வயிற்றுக் கோளாறோடு போராடி, மண்ணையும் தண்ணீரையும் பட்டினியையும் நம்பியவர். அப்படிப்பட்டவர் ஒரு ராத்திரி, ஒரு வெள்ளைக்கார டாக்டரின் கத்திக்குக் கீழே படுக்கச் சம்மதித்தார்.

குடல் நோயோடு வாழ்பவர்களும் அவர்களின் குடும்பமும் என்றாவது ஒருநாள் சந்திக்கும் கேள்விதான் இது: ஆபரேஷன் பண்ணிக்கலாமா, வேண்டாமா? காந்தி அந்தக் கேள்வியை எப்படிச் சமாளித்தார்? பார்க்கலாம்.

தொல்லை எப்போது ஆரம்பித்தது?

1869 அக்டோபர் 2-ல் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், லண்டனில் சட்டம் படித்துவிட்டு 1893-ல் தென்னாப்பிரிக்கா போனார். ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழில் நன்றாகவே போனது. வயிறுதான் ஒத்துழைக்கவில்லை.

மலச்சிக்கல், அடிக்கடி தலைவலி. இன்றைக்கு ஐ.டி. வேலையில் இருக்கும் பலரும் சொல்லும் அதே புகார். அவரும் எல்லோரையும் போலப் பேதி மருந்தும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் பழ உப்பும் எடுத்துக்கொண்டார். அன்றைக்குச் சரியாகும், அப்புறம் திரும்ப வரும்.

பிறகு காலை உணவை நிறுத்திப் பார்த்தார். தலைவலி போனது. மலச்சிக்கல் போகவில்லை. அப்போது அடால்ஃப் ஜஸ்ட் என்ற ஜெர்மானியர் இயற்கை வைத்தியம் பற்றி எழுதிய புத்தகம் கைக்கு வந்தது. சுத்தமான மண்ணைத் தண்ணீரில் குழைத்து, துணியில் வைத்து, ராத்திரி தூங்கும்போது அடிவயிற்றில் பத்துப் போட வேண்டும். செய்து பார்த்தார். பலன் கிடைத்தது என்று தன் சுயசரிதையான சத்திய சோதனையில் பதிவு செய்திருக்கிறார்.

அதிலிருந்து மண் பத்து, தொட்டிக் குளியல், பட்டினி, பழ உணவு ஆகியவைதான் அவருடைய மருந்துப் பெட்டி. மகன் மணிலாலுக்கு டைபாய்டு வந்தபோது டாக்டர் முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கச் சொன்னார். காந்தி மறுத்துவிட்டு, தண்ணீர் வைத்தியத்தையே தொடர்ந்தார். பையன் பிழைத்துக்கொண்டான். அப்பாவின் நம்பிக்கை இன்னும் உறுதியானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாள்பட்ட வயிற்றுப் பிரச்சினையில் உணவை மாற்றுவதும் பழக்கத்தை மாற்றுவதும் பலருக்கு உண்மையிலேயே உதவும். ஆக, காந்தியின் நம்பிக்கை வெறும் பிடிவாதத்தில் பிறந்ததில்லை, தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்ததில் வந்தது. சிக்கல் என்னவென்றால், ஒரு நோய்க்குப் பலித்தது எல்லா நோய்க்கும் பலிக்கும் என்று நம்பத் தொடங்குவதுதான்.

1909: டாக்டர்களைப் பற்றி என்ன எழுதினார்?

1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் ஹிந்த் ஸ்வராஜ் நூலை எழுதினார். அதில் டாக்டர்களுக்கு என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் வயிறுதான்.

வாதம் சுருக்கமாக இதுதான். ஒருவன் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறான். அஜீரணம் வருகிறது. டாக்டர் மாத்திரை கொடுத்துச் சரிசெய்கிறார். அவன் திரும்பவும் அதிகமாகச் சாப்பிடுகிறான். மாத்திரை கிடைக்காமல் இருந்திருந்தால் தண்டனையை அனுபவித்து, தன்னைக் கட்டுப்படுத்தக் கற்றிருப்பான். ஆகவே டாக்டர் அவன் உடம்புக்கு உதவுவதுபோல் மனதைப் பலவீனப்படுத்துகிறார்.

படிக்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. நோய் வந்தால் அதற்கு நோயாளிதான் காரணம் என்கிற அனுமானம் அது. இன்றைக்கும் குரோன்ஸ் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ் போன்ற குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களிடம் சொந்தக்காரர்கள் இதைத்தானே சொல்கிறார்கள்? கண்டதைச் சாப்பிட்டாய், அதனால்தான் வந்தது என்று! இந்த நோய்களில் உடம்பின் எதிர்ப்பு மண்டலமே குடலுக்கு எதிராகத் திரும்புகிறது. மரபணுவுக்கும் சூழலுக்கும் பங்கு இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிட்ட பரோட்டா மட்டும் இதைக் கொண்டுவந்துவிடாது.

1918: ஒரு கிண்ணம் கஞ்சி, ஒரு பெரிய அடி

இந்தியா திரும்பிய பிறகு காந்தி பெரும்பாலும் நிலக்கடலை வெண்ணெயும் எலுமிச்சையுமாக வாழ்ந்தார். பால் கிடையாது. 1912-லேயே விட்டாயிற்று. கறவை மாடுகளைக் கொடுமைப்படுத்திப் பால் எடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது அந்த முடிவு விரதமாகவே ஆகிவிட்டது.

1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் அலைந்துகொண்டிருந்தபோது லேசான சீதபேதி வந்தது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபா செய்த இனிப்புக் கோதுமைக் கஞ்சியும் பாசிப்பயறும் அவரை மயக்கிவிட்டன. கொஞ்சம்தான் என்று ஆரம்பித்து வயிறு நிறையச் சாப்பிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் சீதபேதி கடுமையானது. ஒரே நாளில் 30 முதல் 40 தடவை போனதாக அவரே எழுதியிருக்கிறார்.

மருந்து வேண்டாம் என்றார். ஊசி வேண்டாம் என்றார். ஊசி என்றாலே ஏதோ மிருகத்திடமிருந்து எடுத்த சீரம் என்று அப்போது நினைத்திருந்தார். டாக்டர் சொன்னது தாவரப் பொருள் என்பது பின்னால்தான் தெரிந்தது, அதற்குள் காலம் கடந்துவிட்டது. தன் அறியாமையைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும்படிதான் இதை அவர் எழுதுகிறார்.

உடம்பு கரைந்தது. ஒரு ராத்திரி சாவு வாசலுக்கு வந்துவிட்டதாகவே நினைத்தார். சீதபேதியின் விளைவாக ஆசனவாயில் வெடிப்பு உண்டாகி, கழிப்பறைக்குப் போவதே நரகமானது. வலிக்குப் பயந்து சாப்பிடவே பயந்தார். குடல் நோயாளிகளுக்கு இந்தப் பயம் நன்றாகவே தெரியும்: சாப்பிட்டால் போக வேண்டும், போனால் வலிக்கும். அதனால் சாப்பிடாமலேயே இருந்துவிடுவது.

பம்பாய் டாக்டர் தலால் வந்து பார்த்தார். ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இந்த உடம்பைத் தேற்றாமல் முடியாது, அதற்குப் பால் வேண்டும் என்றார். விரதத்தைக் காந்தி காரணம் காட்டினார். விரதம் எதற்காக என்று டாக்டர் கேட்டார். பசு, எருமைகளுக்கு நடக்கும் கொடுமை என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற கஸ்தூரிபா சட்டென்று பிடித்துக்கொண்டார்: அப்படியானால் ஆட்டுப்பாலுக்கு என்ன தடை?

காந்தி ஒப்புக்கொண்டார். ஆட்டுப்பால் குடித்தார், 1919 தொடக்கத்தில் டாக்டர் தலால் வெடிப்புக்கு ஆபரேஷன் செய்தார், வெற்றி. ஆனால் மனசு ஆறவில்லை. விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், உயிரைக் கொன்றுவிட்டேன் என்ற உறுத்தல் அவருக்குக் கடைசிவரை இருந்தது. வாழ வேண்டும், போராட வேண்டும் என்ற ஆசைதான் தன்னை வளைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

அதற்கு ஐந்து வருடம் கழித்து இதைவிடப் பெரிய பரீட்சை வந்தது.

1924 ஜனவரி 12: அந்த ராத்திரி என்ன நடந்தது?

1922 மார்ச்சில் ராஜத்துரோக வழக்கில் காந்திக்கு ஆறு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. புனே பக்கத்தில் எரவாடா சிறை. 1924 ஜனவரியில் அங்கே கடும் வயிற்று வலி வந்தது. குடல்வால் அழற்சி, அதாவது அப்பென்டிசைட்டிஸ் என்று தெரிந்தது. ஜனவரி 12 மாலை அவரைப் புனேயின் சாசூன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது 54.

ஆஸ்பத்திரியின் சர்ஜன் கர்னல் மேடாக். பிரிட்டிஷ்காரர். அன்றைய நிலைமையை அவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மேஜையில் இருப்பவர் தன் அரசாங்கத்தின் கைதி. நாடே கும்பிடுகிற ஆள். ஆபரேஷனில் ஏதாவது ஆகிவிட்டால், வெள்ளைக்காரன் கொன்றுவிட்டான் என்று ஊரே பற்றி எரியும்.

உங்களுக்கு நம்பிக்கையான டாக்டர்கள் யாராவது உண்டா என்று காந்தியிடம் கேட்கப்பட்டது. பம்பாயின் தலால், ஜீவராஜ் மேத்தா பெயர்களைச் சொன்னார். அவர்களைப் பிடிக்க முயற்சி நடந்தது. ஆனால் அவர்கள் வரும்வரை காத்திருந்தால் ஆபத்து என்பது மேடாக்கின் கருத்து.

இந்த இடத்தில் ஒரு தமிழர் வருகிறார். கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. காந்தியைவிடப் பத்து நாள் மூத்தவர். கோகலே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகப் புனேயில் இருந்தார். காந்தியின் ஒத்துழையாமைப் போராட்டத்தை வெளிப்படையாக எதிர்த்த மிதவாதி. அந்த ராத்திரி அவரும் டாக்டர் பாடக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைக்கப்பட்டார்கள்.

காந்தி சொல்லச் சொல்ல சாஸ்திரி பென்சிலால் எழுதினார். ஆபரேஷனுக்குத் தான் சம்மதிப்பதாகவும், டாக்டர்கள் தன்னை மிகுந்த அக்கறையோடு கவனித்ததாகவும், கர்னல் மேடாக் மேல் முழு நம்பிக்கை இருப்பதாகவும் ஓர் அறிக்கை. எழுதியதைச் சாஸ்திரி வாசித்துக் காட்டினார். மேடாக்கிடமும் காட்டி, திருத்தம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். பிறகு காந்தி முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு பென்சிலால் கையெழுத்துப் போட்டார்.

கை நடுங்கியது. ஆங்கிலத்தில் தன் பெயரின் கடைசி எழுத்துக்கு மேலே வைக்க வேண்டிய புள்ளியைக்கூட வைக்கவில்லை என்று சாஸ்திரி கவனித்து எழுதியிருக்கிறார். நடுக்கத்தை டாக்டரிடம் காட்டி, இதையும் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று காந்தி சொல்ல, தேவையான பலத்தை ஏற்றிவிடுவோம் என்று மேடாக் தைரியம் சொன்னார்.

மக்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சாஸ்திரி கேட்டார். அரசாங்கத்தோடு தன் சண்டை தொடரும், ஆனால் தன் விடுதலைக்காக இதைச் சாக்கிட்டுத் தவறான வழியில் கிளர்ச்சி வேண்டாம் என்பதுதான் பதிலின் சாரம்.

ஆபரேஷன் தொடங்கியது. நடுவில் மின்சாரம் போய்விட்டது. டார்ச் பிடித்தார்கள். அதுவும் அணைந்தது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் காயத்தில் சீழ் கட்டி, குணமாக நாளானது. பிப்ரவரி 5-ல் அரசாங்கம் அவரை நிபந்தனை இல்லாமல் விடுதலை செய்தது. ஜுஹு கடற்கரையில் தங்கி உடம்பைத் தேற்றினார். சாசூன் ஆஸ்பத்திரியில் அந்த அறை இன்றைக்கும் நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது.

குடல்வால் என்றால் என்ன? ஏன் அவ்வளவு அவசரம்?

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், அடிவயிற்றின் வலப்பக்கம், விரல்போல் தொங்கும் சின்னக் குழாய்தான் குடல்வால். ஒரு முனை மூடியிருக்கும். இறுகிய மலத் துணுக்கோ, வீக்கமோ அதன் வாயை அடைத்தால் உள்ளே கிருமிகள் பெருகி, வீங்கி, சீழ் பிடிக்கும். பெரும்பாலும் வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, வலப்பக்கம் கீழே இறங்கும். வாந்தி, காய்ச்சல் வரும்.

கவனிக்காமல் விட்டால் குடல்வால் கிழியலாம். அப்புறம் சீழும் கழிவும் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். இன்றைக்கு ஸ்கேன் இருக்கிறது, நல்ல ஆன்டிபயாடிக் இருக்கிறது, சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோபி இருக்கிறது. சிக்கல் இல்லாத சிலருக்கு ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்துக் கவனிப்பதும் உண்டு. 1924-ல் இதெல்லாம் இல்லை. பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928-ல்தான். அன்றைக்குக் கத்தியை விட்டால் வேறு நல்ல வழி கிடையாது.

அதாவது, ஜோகன்னஸ்பர்க் மலச்சிக்கலுக்கு மண் பத்தைச் சோதித்துப் பார்க்க மாதக்கணக்கில் நேரம் இருந்தது. எரவாடா வலிக்குச் சில மணி நேரம்தான் இருந்தது. நோயாளி அவரேதான், வயிறும் அதுவேதான், ஆனால் கேள்வி மாறிவிட்டது. அந்த மாற்றத்தை அவர் புரிந்துகொண்டார் என்பதுதான் இந்தக் கதையின் மையம்.

அப்புறம் கேள்வி கேட்டார்களே!

கேட்டார்கள். டாக்டர்களைத் திட்டிப் புத்தகம் எழுதிய நீங்கள் எப்படி ஆபரேஷன் செய்துகொண்டீர்கள் என்று காந்தியிடம் கேட்டவர்கள் நிறைய.

அவர் சுற்றி வளைக்கவில்லை. சூழ்நிலைக் கைதி, மயக்கத்தில் இருந்தேன், கட்டாயப்படுத்தினார்கள் என்று எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டது தன் ஆன்ம பலவீனம் என்றார். தான் என்ற எண்ணம் முழுசாக ஒழிந்திருந்தால் வருவது வரட்டும் என்று விட்டிருப்பேன், ஆனால் இந்த உடம்பிலேயே இன்னும் வாழ ஆசைப்பட்டேன் என்பதுதான் அவர் தந்த விளக்கம். ஹிந்த் ஸ்வராஜில் எழுதியது லட்சியம், அந்த உயரத்துக்குத் தான் இன்னும் போகவில்லை என்றார்.

இதில் பாதியை ஏற்கலாம், பாதியை விட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆபரேஷனுக்குச் சம்மதிப்பது பலவீனம் என்பதை இன்றைக்கு யாரும் ஏற்க வேண்டியதில்லை. குடல்வால் அடைபட்டது அவருடைய மனக்கட்டுப்பாட்டின் தோல்வியும் இல்லை. ஆனால் வாழ ஆசைப்பட்டேன் என்று வெட்கப்படாமல் சொன்னாரே, அதை எடுத்துக்கொள்ளலாம். முடிவெடுக்க அதைவிட நல்ல காரணம் எதற்கு?

அந்த ஆசையால் கிடைத்தது என்ன என்று கணக்குப் போட்டால், 24 வருடம். 1930 தண்டி யாத்திரை, 1942 வெள்ளையனே வெளியேறு, 1946-47-ல் நவகாளியிலும் பீகாரிலும் கலவரத்தை அணைக்க நடந்த நடை எல்லாமே அந்த அரிக்கேன் விளக்கு ராத்திரிக்குப் பிறகு வந்தவை. நம் கடற்கரைச் சிலையில் இருப்பதும் அந்தக் காந்திதான்.

பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் இதே தடுமாற்றம்தான்

காந்தி மட்டும் இல்லை. 1902-ல் பிரிட்டிஷ் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு இதே குடல்வால் பிரச்சினை. விழாவைத் தள்ளிப்போட முடியாது என்று அடம்பிடித்தார். சர்ஜன் ஃபிரடெரிக் ட்ரீவ்ஸ் விடவில்லை. சீழை வெளியேற்றி ஆபரேஷன் நடந்தது, விழா ஆகஸ்ட்டுக்குப் போனது.

நாள்பட்ட குடல் நோய்க்கு இன்னும் பொருத்தமான உதாரணம் அமெரிக்க அதிபர் ஐசனோவர். அவருக்கு இருந்தது குரோன்ஸ் நோய். 1955 செப்டம்பரில் மாரடைப்பு வந்தது. ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில், 1956 ஜூனில் சிறுகுடல் அடைத்துக்கொண்டது. அதுவோ தேர்தல் வருடம். ஆபரேஷனை இதயம் தாங்குமா, செய்யாவிட்டால் குடல் தாங்குமா என்று டாக்டர்கள் மணிக்கணக்கில் விவாதித்தார்கள். ஜூன் 9 அதிகாலையில் ஆபரேஷன். நோயுற்ற பகுதியை வெட்டி எடுக்காமல், அதைத் தாண்டிப் போகும்படி மாற்றுப் பாதை போட்டார்கள். நவம்பரில் அவர் திரும்பவும் ஜெயித்தார்.

அடுத்தவருக்காக முடிவெடுக்கும்போது?

இந்தக் கதையில் கஷ்டமான பகுதி இதுதான். தன் உடம்புக்கு முடிவெடுத்த காந்தி, தன் வீட்டார் விஷயத்தில் எப்படி இருந்தார்?

தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவுக்கு ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. உடம்பு மெலிந்திருந்ததால் குளோரோஃபார்ம்கூடக் கொடுக்காமல் செய்தார்கள். அந்த வலியை அவர் தாங்கிக்கொண்டார். அப்புறம் டாக்டர் மாட்டிறைச்சிச் சாறு கொடுக்க அனுமதி கேட்டபோது, கஸ்தூரிபாவையே கேட்க வேண்டும் என்றார் காந்தி. கேட்டார்கள், அவரும் வேண்டாம் என்றார்.

1944 பிப்ரவரி. ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூரிபா சாகக் கிடந்தார். மகன் தேவதாஸ் அப்போது கிடைக்க அரிதான பென்சிலினை வரவழைத்தார். சில மணி நேரத்துக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்று தெரிந்ததும், கடைசி நேரத்தில் அவரை வதைக்க வேண்டாம் என்று காந்தி தடுத்துவிட்டார். பிப்ரவரி 22-ல் கஸ்தூரிபா இறந்தார். அந்த ஊசி அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த முடிவு பற்றிய சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை.

மூன்று வருடம் கழித்து, 1947 மே. பீகாரில் காந்தியோடு இருந்த பேத்தி முறையான மனுவுக்கு வயிற்று வலி. முதலில் வழக்கம்போல் மண் பத்தும் உணவுக் கட்டுப்பாடும்தான். வலி அடங்கவில்லை. குடல்வால் என்று சந்தேகம் வந்ததும் பாட்னா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மே 15 ராத்திரி ஆபரேஷன். முகக்கவசம் கட்டிக்கொண்டு 77 வயதுக் காந்தி அந்த அறைக்குள்ளேயே இருந்தார்.

ஹிந்த் ஸ்வராஜ் எழுதி 38 வருடம் ஆகியிருந்தது. இயற்கை வைத்தியத்தை அவர் கைவிடவில்லை. ஆனால் அதன் எல்லை எங்கே முடிகிறது என்பது தன் வயிற்றில் தழும்பாகவே இருந்ததால், அந்தப் பெண்ணைக் காக்க வைக்கவில்லை.

சரி, நமக்கு என்ன?

கோரிமேட்டு ஜிப்மர் வெளிநோயாளி வரிசையில் கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து காத்திருப்பவர்களைப் பார்க்கலாம். 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் தொடர்ச்சிதான் அந்த ஆஸ்பத்திரி. அங்கேயும் சரி, வேறெங்கேயும் சரி, குடல் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் பயம் வருவது இயற்கை. காந்தியின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய கேள்விகள் சில:

1. இது அவசரமா, திட்டமிட்டுச் செய்யலாமா? குடல் அடைப்பு, கிழிசல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் யோசிக்க நேரம் கிடையாது. வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், வாந்தி எடுத்தாலோ, வயிறு கல்போல் இறுகிக் காய்ச்சல் அடித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி, பெரும்பாலும் யோசிக்க நாள் இருக்கும்.

2. நோய் எதுவென்று உறுதியாகிவிட்டதா? நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன்ஸ் நோயும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காசநோய் பெரும்பாலும் மருந்திலேயே குணமாகும். ஆகவே இந்தக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்.

3. ஆபரேஷன் நோயை முடித்துவைக்குமா, தள்ளிப்போடுமா? அல்சரேட்டிவ் கொலைடிஸில் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் குடலில் அந்த நோய்க்கு இடமில்லை. குரோன்ஸில் அப்படி இல்லை. இணைத்த இடத்தின் பக்கத்திலேயே திரும்ப வரலாம், மருந்தும் தொடர வேண்டியிருக்கலாம்.

4. வயிற்றில் மலப் பை வைக்க வேண்டி வருமா? கொஞ்ச நாளைக்கா, நிரந்தரமாகவா? பலர் பயந்துகொண்டு கேட்காமல் விடும் கேள்வி இது. பையோடு வேலைக்குப் போகிறவர்கள், பைக் ஓட்டுகிறவர்கள், குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

5. செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஆபரேஷனின் ஆபத்தை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். காத்திருப்பதற்கும் ஒரு ஆபத்துக் கணக்கு உண்டு. பலவீனமான உடம்போடு அவசரமாகச் செய்வதைவிட, சத்து ஏற்றித் திட்டமிட்டுச் செய்வது பொதுவாகப் பாதுகாப்பானது. டாக்டர் தலால் ஆட்டுப்பாலுக்குப் பிறகே கத்தியை எடுத்ததும் அதனால்தான்.

6. இன்னொரு டாக்டரைக் கேட்கலாமா? தாராளமாக. கைதியாக இருந்தபோதே காந்தியிடம் உங்கள் டாக்டர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். நேரம் இருந்தால் நீங்களும் கேளுங்கள், நேரம் இல்லையென்றால் எதிரே இருப்பவரை நம்புங்கள். அவரும் அதைத்தான் செய்தார்.

கடைசியாக அந்த அறிக்கை. இன்றைக்கு ஆபரேஷனுக்கு முன் நீட்டப்படும் சம்மதப் படிவத்தை நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்? கை நடுங்கும் நிலையிலும் காந்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். முடிவு தன்னுடையது, என்ன ஆனாலும் பழி டாக்டர்மேல் போகக் கூடாது என்பதை உறுதி செய்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது அவர் கருத்தோடு ஒத்துப்போகாத ஒரு நண்பர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது நாள்பட்ட குடல் நோய் இருந்தால், வலி இல்லாத ஒரு நாளில் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள். எந்த நிலை வந்தால் ஆபரேஷன், யார் கூட இருப்பது, எந்த ஆஸ்பத்திரி என்று முன்பே பேசி வைத்திருந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாசலில் நின்று சண்டை போட வேண்டியிருக்காது.

(இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உங்கள் உடல்நிலைக்கு எது சரி என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.)